கையெழுத்து கேட்கப்படாத தாராவி

2024 மார்ச் 18ஆம் தேதி தாராவியின் கமலா ராமன் நகரில் சர்வே தொடங்கியது. முதலில் வந்த குழு ஒவ்வொரு கோலியின் (ஓரறை வீட்டின்) வாசலிலும் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனது. அடுத்து வந்தவர்கள் லேசர் கருவியை வைத்துச் சந்து, சுவர், படிக்கட்டு என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். கடைசியாக டேப்லெட்டுடன் வீட்டுக்குள் வந்தவர்கள் கேட்ட கேள்விகள் நிறைய. எந்த வருஷத்திலிருந்து இங்கே இருக்கிறீர்கள்? ரேஷன் கார்டு எங்கே? பழைய லைட் பில் இருக்கிறதா? 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் பேர் உண்டா? மேல்மாடியில் இருப்பது யார்?

ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்தத் திட்டத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?

கேட்க வேண்டியதில்லை என்பதுதான் விதி. மும்பையில் குடிசைப் பகுதி ஒன்றை இடித்துக் கட்ட வேண்டுமானால், அங்கே குடியிருப்பவர்களில் நூற்றுக்கு 70 பேர் எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது 1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் வந்த காலத்து ஏற்பாடு. பின்னர் அந்த 70, 51 ஆனது. தாராவி அரசே முன்னின்று நடத்தும் திட்டம் என்பதால் அங்கே அந்த 51ம் வேண்டாம் என்றாகிவிட்டது. சுமார் 600 ஏக்கரில் பல லட்சம் பேர் வாழ்கிற ஓர் ஊர் எங்கே போகும், எந்த உயரத்தில் கட்டப்படும், யார் உள்ளே, யார் வெளியே என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களின் கையெழுத்து இல்லாமலே தீர்மானமாகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள ஒரு கம்பெனிதான் வேலையை நடத்துகிறது.

இதைப் படித்ததும் தாராவிக்காரர்களிலேயே பலர் ஒரு கேள்வி எழுப்புவார்கள். நல்ல வீடு கிடைக்கிறதென்றால் கையெழுத்து எதற்கு? அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. அதிகாலையில் பொதுக் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்கும், ஜூன் பிறந்தால் தகரத்தின் மேல் நீல பிளாஸ்டிக் விரிக்கிறவர்களுக்கும், வெயில் எட்டிப்பார்க்காத சந்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களுக்கும் சொந்தக் கழிப்பறையோடு 350 சதுர அடி வீடு என்பது சின்ன ஆசை இல்லை. ஒப்புதல் கையெழுத்து என்ற பேரில் பில்டர்களும் தரகர்களும் மும்பையில் நடத்திய வியாபாரமும் ஊரறிந்தது. அரசின் வாதமும் அதுதான்: கையெழுத்துக்குக் காத்திருந்தால் இன்னும் இருபது வருஷம் ஆகும்.

வாதம் வலுவானது. ஆனாலும் அது நேரத்தை மிச்சப்படுத்தும் வழியைச் சொல்வதோடு நிற்கவில்லை. அரசு மக்களைக் கேட்டாக வேண்டும் என்றிருந்த ஓர் இடத்தில், இனி கேட்க வேண்டாம் என்று ஆக்கியிருக்கிறது. சுதந்திரம் கைநழுவுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். சிறைக்கதவு மூடுகிற சத்தம் கேட்பதில்லை. நேற்றுவரை அரசு நம்மிடம் கேட்டுச் செய்த ஒரு காரியத்தை இன்று கேட்காமல் செய்கிறது; நாளை அதே காரியத்துக்கு நாம் அரசிடம் போய்க் கேட்டு நிற்கிறோம். இந்த மாற்றம் தாராவியில் ஐம்பது வருஷமாகப் படிப்படியாக நடந்து வந்திருக்கிறது. அங்கே வாழும் தமிழர்களில் மூன்று தலைமுறைக்காரர்கள் அதன் ஒவ்வொரு படியையும் கடந்திருக்கிறார்கள்.

அந்த நிலத்தை யாரும் தாராவிக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் குடியேறியபோது அது மீத்தி ஆற்றோரச் சதுப்பு. நகரம் வேண்டாமென்று ஒதுக்கிய தொழில்கள் எல்லாம் அங்கே தள்ளப்பட்டன. குப்பையும் மண்ணும் கொட்டி நிலத்தை உயர்த்தியது அங்கே குடியிருந்தவர்கள். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பெரிய மசூதியும், ஆதிதிராவிட மக்கள் 1913இல் அமைத்த பிள்ளையார் கோயிலும் சவுராஷ்டிரக் குயவர்களின் கும்பர்வாடாவும் இன்றைய எந்த வளர்ச்சித் திட்டத்தையும்விட வயதில் மூத்தவை.

1971இல் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1976 ஜனவரி 4ஆம் தேதி, நெருக்கடி நிலைக்காலத்தில், பொது நிலத்தில் இருந்த குடிசைகளை அரசு ஒரே நாளில் எண்ணி முடித்தது. எண்ணப்பட்ட குடும்பத் தலைவருக்குப் படம் ஒட்டிய ஃபோட்டோ பாஸ் கொடுக்கப்பட்டது. தாராவியின் பல வீடுகளில் அந்த அட்டை இன்றும் சாமி படத்துக்குப் பின்னாலோ டிரங்குப் பெட்டியின் அடியிலோ பத்திரமாக இருக்கிறது. அதைப் பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பாதுகாப்பாகவும் அது இருந்தது. அதே அட்டைதான் இன்னொன்றையும் செய்தது. அதுவரை அங்கே வாழ்ந்ததே அங்கே இருப்பதற்குப் போதுமான காரணமாக இருந்தது. அட்டை வந்தபிறகு, அட்டை இருந்தால்தான் இருக்கலாம் என்று ஆயிற்று.

அந்த அட்டையின் பலம் எவ்வளவு என்பது சில மாதங்களில் தெரிந்தது. மான்கூர்டு அருகே ஜனதா காலனி என்றொரு பெரிய குடியிருப்பு. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து ஏழைகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து மாநகராட்சியே குடிவைத்த இடம். தமிழர்களும் ஏராளமாக இருந்தார்கள். பக்கத்திலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்குப் பிழைக்கவந்த ஜோக்கின் அற்புதம் அந்தக் காலனியைக் காப்பாற்ற நீதிமன்றம், டெல்லி என்று அலைந்தார். 1976 ஏப்ரல் 28ஆம் தேதி, நெருக்கடி நிலையில் ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் அவர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டார்கள். அற்புதம் பிற்பாடு தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவராக உலகமறிந்த மனிதரானார், 2000இல் மகசேசே விருது பெற்றார், 2018இல் காலமானார். அவரைப் போன்றவர்கள் ஓயாமல் வற்புறுத்தியதுகூட ஒரே விஷயத்தைத்தான்: எங்களை எண்ணுவதானாலும் பெயர்ப்பதானாலும் எங்களோடு உட்கார்ந்து பேசிச் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு வந்தது தேதிகளின் காலம். யார் மும்பைக்காரர், யார் ஆக்கிரமிப்பாளர் என்பதை ஒரு நாள்காட்டித் தேதி தீர்மானித்தது. முதலில் 1976. பிறகு 1980, 1985. அப்புறம் 1995 ஜனவரி 1, அதற்கப்புறம் 2000 ஜனவரி 1, கட்டணத்தோடு 2011 ஜனவரி 1. தேர்தல் நெருங்க நெருங்கத் தேதி நகர்ந்தது. அதனால் ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. தேதி என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்க ஆளில்லாமல் போனது. 1981இல் முதலமைச்சர் அந்துலே நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த உத்தரவிட்டபோது பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கில், பிழைக்கும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்திய நீதித்துறை வரலாற்றில் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பு, உரிய முறைப்படி செய்தால் அகற்றலாம் என்றும், 1976 கணக்கெடுப்பில் பேர் உள்ளவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றும் கூறியது. உரிமை எல்லோருக்கும் இருந்தது. மாற்று இடத்துக்கு மட்டும் அட்டை வேண்டும்.

இப்போது தாராவியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் பத்தடி, நீளம் பதினைந்தடி. கீழே வீட்டுக்காரரின் குடும்பம். வாசலை ஒட்டிய இரும்பு ஏணியில் ஏறினால் மேல்மாடி. அங்கே வாடகைக்கு ஒரு குடும்பம், பகலில் தையல் மெஷின், இரவில் படுக்கை. இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே குழாய், ஒரே சந்து, ஒரே தீபாவளி. 2000க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பதற்குக் காகிதம் காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவர் என்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் மேல்மாடிக்காரர்களுக்கும் வெளியே வாடகை வீடு, விரும்பினால் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். வெளியே என்பதற்காகச் சொல்லப்படும் இடங்களில் முலுண்டை ஒட்டிய உப்பளங்களும் தேவனார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் உண்டு.

மேல்மாடிக்காரர் முப்பது வருஷமாக இருந்தாலும் மேல்மாடிக்காரர்தான். கீழே இருப்பவரிடம் காகிதம் இல்லையென்றால் அவருக்கும் கதி அதே. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மீத்தி ஆறு கரை மீறிய அன்று, தாராவி வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த எத்தனை ரேஷன் கார்டுகள் கூழாகிப் போயின என்பது அந்தச் சந்துகளுக்குத் தெரியும். காகிதத்தைக் காக்கும் பொறுப்பு குடிமகனுடையது; கொடுத்த அரசின் பதிவேட்டிலேயே தேடிப்பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் பதில் வருவதில்லை. சர்வேயில் சேராதவர்கள் வீட்டுரிமையை இழக்க நேரிடும் என்ற எச்சரிக்கையும் 2025இல் வந்தது. சம்மதம் கேட்காத திட்டம், ஒத்துழைப்பைக் கட்டாயமாக்கிக்கொண்டது.

இதையெல்லாம் யாரிடம் முறையிடுவது? நகர்சேவக் என்று மும்பைக்காரர்கள் சொல்லும் கவுன்சிலரிடம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் ஏழைகள் முதலில் தட்டுகிற கதவு அதுதான். 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு வருஷம், இந்தியாவின் மிகப் பணக்கார மாநகராட்சியை மாநில அரசு நியமித்த அதிகாரிகளே நடத்தினார்கள். தாராவிக்கு ஏலம் விட்டதும், அரசாணை பிறந்ததும், சர்வே தொடங்கியதும், 2025 மே மாதம் மாஸ்டர் பிளானுக்கு முதலமைச்சர் ஒப்புதல் தந்ததும் அந்த நான்கு வருஷத்துக்குள். கவுன்சிலர்கள் இருந்திருந்தாலும் முழு அதிகாரம் இருந்திருக்காது. 2005லேயே தாராவியின் திட்டமிடும் பொறுப்பு மாநகராட்சியிடமிருந்து எடுக்கப்பட்டுத் தனி ஆணையத்திடம் கொடுக்கப்பட்டுவிட்டது. எனினும் மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்திருப்பார். நகரமே நான்கு வருஷம் ஓட்டுரிமையின் ஒரு பகுதியை இழந்திருந்தது. குப்பை வண்டி தினமும் வந்துகொண்டிருந்ததால் அது பெரிய செய்தியாகவில்லை.

சரி, கூடிப் பேசலாம், கோஷம் போடலாம் என்றால் அங்கேயும் ஒரு தாள் குறுக்கே நிற்கிறது. 1951ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 37ஆவது பிரிவின்கீழ் ஐந்து பேரோ அதற்குமேலோ கூடுவதற்கும் ஊர்வலம் போவதற்கும் மும்பை போலீஸ் தடை விதிக்கலாம். மாநில அரசின் அனுமதி இல்லாமல் அந்தத் தடை பதினைந்து நாளுக்குமேல் செல்லாது என்று சட்டமே எல்லை போட்டிருக்கிறது. குழப்பமான சில நாட்களுக்கான மருந்து அது என்பது இதிலிருந்தே விளங்கும். 2022 டிசம்பரில் அப்படியொரு உத்தரவைப் பார்த்து நகரத்தில் ஊரடங்கு வந்துவிட்டதோ என்று செய்திகள் பரவின. பயப்பட வேண்டாம், இது அவ்வப்போது பிறப்பிக்கும் வழக்கமான உத்தரவுதான் என்று போலீஸ் விளக்கம் தந்தது. மக்கள் நிம்மதியடைந்தார்கள். நிம்மதிக்குப் பதில் திடுக்கிட்டிருக்க வேண்டும். ஐந்து பேர் கூடக்கூடாது என்ற உத்தரவு வழக்கமாகிவிட்டது என்பதுதான் அந்த விளக்கத்தில் இருந்த செய்தி. கல்யாணம், சாவு, சினிமா, கம்பெனிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே அன்றாட வாழ்வில் அந்தத் தடை யார் காலிலும் இடறுவதில்லை; அரசை எதிர்த்து நாலு வார்த்தை பேசக் கூடும்போதுதான் இடறும். மாநிலத் தலைமைச் செயலகமான மந்த்ராலயாவின் வாசலை நோக்கி மோர்ச்சா போன நகரம் இது. இன்று போராட்டம் என்றால் ஆசாத் மைதானத்தின் ஒரு மூலை, அதுவும் முன் அனுமதியோடு.

தாராவிக்கு வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதன் தோல் தொழிலின் கதை வெறும் வியாபாரச் செய்தி. 2015 மார்ச்சில், இருபது வருஷம் காத்திருந்த ஒரு சட்டத்திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பசுவை வெட்டுவதற்கு 1976 முதல் இருந்த தடை காளைக்கும் எருதுக்கும் நீண்டது. மீறினால் ஐந்தாண்டு சிறைவரை தண்டனை. பாட்டன் காலத்திலிருந்து தோலை நம்பிய ஒரு பேட்டைக்கு அது எத்தகைய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டம் அடுக்களைக்குள்ளும் நுழைந்தது: வேறு மாநிலத்தில் சட்டப்படி வெட்டி வாங்கிவந்த இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம் என்றது. வீட்டுக்குள் என்ன சமைக்கிறார்கள் என்று பார்ப்பது அரசின் வேலை இல்லை என்று 2016 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. யாரோ சிலர் வழக்குப் போட்டதால் அந்த ஒரு கதவு திறந்தது. அந்த இறைச்சியைச் சாப்பிடாதவர்களுக்குத் தடை வந்ததும் தெரியாது, தடையின் ஒரு துண்டு உடைந்ததும் தெரியாது. மற்றவரின் தட்டிலிருந்து எடுக்கும்போது நமக்குப் பசிப்பதில்லை. சுதந்திரம் நழுவுவதை நம்மில் பெரும்பாலோர் கவனிக்காமல் போவதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், எடுக்கும் கை ஏதாவது ஒன்றைக் கொடுத்துக்கொண்டே எடுக்கிறது. ஃபோட்டோ பாஸ் பாதுகாப்பு தந்தது, இலவச வீடு நிஜமாகவே வீடு. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான். நம் விவரங்களைக் கம்பெனிகள் கண்டபடி விற்கக்கூடாது என்பது வேண்டிய ஒன்று. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னதன் தொடர்ச்சியாகத்தான் அந்தச் சட்டம் கேட்கப்பட்டது. வந்த சட்டமோ, அரசு விரும்பும் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கே அதிகாரம் தந்தது. அதன் கடைசியில் இருந்த ஒரு பிரிவு, 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தியது. தனிநபர் விவரம் என்றாலும் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் விவரப் பிரிவுக்குள்ளேயே இருந்த வழி அடைபட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்று வேறோர் உட்பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் மறுக்க நினைக்கும் அதிகாரிக்கு இனி ஒரு வரி போதும். வீடு கிடைப்போர் பட்டியலில் முறைகேடு என்று சந்தேகப்பட்டுத் தகவல் கேட்கும் தாராவிக்காரருக்கு, அது அடுத்தவரின் தனிப்பட்ட விவரம் என்று பதில் வந்தால் அவர் எந்தப் படியில் ஏறுவார்?

மூன்றாவது காரணம் நெருக்கடி. பயத்தில் இருக்கும்போது மனிதர்கள் எதையும் விட்டுக்கொடுப்பார்கள். பயம் போனபின் விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்க மறந்துவிடுவார்கள். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது வீடு புகுந்து சோதிக்கவும் ஆட்களைப் பிரித்து வைக்கவும் வெள்ளைக்கார அரசு 1897இல் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் போட்டது. மொத்தமே நான்கு பிரிவுகள். 2020இல் கொரோனா வந்தபோது தாராவி அடைக்கப்பட்டதும் அந்த 123 வருஷப் பழைய சட்டத்தின் துணையோடுதான். தாராவி கொரோனாவை அடக்கிய விதத்தை உலகமே பாராட்டியது. அந்தப் பாராட்டு அங்கிருந்த மருத்துவர்களுக்கும் தொண்டர்களுக்கும் மக்களுக்கும் முழுக்கத் தகும். அதே வேளையில், குடிமகனின் உரிமை என்ன என்று ஒரு வரிகூடச் சொல்லாத சட்டம் ஒன்று சுதந்திர இந்தியாவில் எப்படி அத்தனை காலம் பத்திரமாக இருந்தது என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது.

இலங்கைத் தமிழர்களுக்கு இதைவிடக் கசப்பான அனுபவம் உண்டு. 1979இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, தற்காலிக ஏற்பாடுகள் என்ற சொற்கள் அதன் தலைப்பிலேயே இருந்தன. ஆயுள் மூன்று வருஷம் என்று உள்ளே எழுதியிருந்தது. 1982இல் ஒரு திருத்தம் அந்த மூன்று வருஷ வரம்பை எடுத்துப்போட்டது. போர் 2009இல் முடிந்தது, சட்டம் முடியவில்லை. குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் அடைத்து வைக்க அமைச்சரின் உத்தரவு போதும் என்றிருந்ததை 2022இல் 12 மாதமாகக் குறைத்தார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் கீழே பிறந்து அதன் கீழேயே முடி நரைத்துவிட்டார்கள்.

இந்தியாவிலும் அதே பாதைதான். 1985இல் தடா இரண்டு வருஷத்துக்கென்று வந்து, நீட்டித்து நீட்டித்து 1995வரை நின்றது. 2002இல் பொடா; ஒரு மேடைப் பேச்சுக்காக வைகோ 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தது தமிழ்நாடு மறக்காத ஒன்று. 2004இல் பொடா நீக்கப்பட்டபோது ஊரெல்லாம் மகிழ்ச்சி. அதன் பல பிரிவுகள் அப்போதே சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறியதை அந்த மகிழ்ச்சியில் கவனித்தவர்கள் குறைவு. தடாவுக்கும் பொடாவுக்கும் காலாவதித் தேதி இருந்தது. ஆகவே நாடாளுமன்றத்திடம் திரும்ப வந்து, இன்னும் வேண்டும் என்று அரசு கேட்டாக வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி 1995இல் ஒரு சட்டத்தைச் சாகவும் வைத்தது. இப்போதைய சட்டத்துக்கு அந்தத் தேதி இல்லை.

திரும்பப் பெற்ற கதையும் உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் பிரிட்டன் தன் மக்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தது. ராணுவத்துக்கு ஆள் சேர்க்க, ரேஷன் வழங்க, புள்ளிவிவரம் திரட்ட என்று மூன்றே நோக்கங்கள். போர் முடிந்து ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் 39 அரசு வேலைகளுக்கு அந்த அட்டை கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1950 டிசம்பரில் லண்டனில் காரை நிறுத்தி அட்டையைக் காட்டச் சொன்ன போலீஸ்காரரிடம், காட்ட முடியாது என்றார் கிளாரன்ஸ் வில்காக் என்பவர். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் போர்க்காலத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை அமைதிக்காலத்தில் இப்படி உபயோகிக்கலாமா என்று தலைமை நீதிபதியே கடுமையாகக் கேட்டார். நாடெங்கும் பேச்சாயிற்று. 1952 பிப்ரவரியில் அட்டை ஒழிந்தது. சட்டப்படி வில்காக் சொன்னது தவறு; அவர் கேள்வி எழுப்பியதால்தான் சட்டம் மாறியது.

தாராவியிலும் யாரும் வாய்மூடி இருக்கவில்லை. 2007இல் உலகளாவிய ஏல அறிவிப்பு வந்தபோது கறுப்புக்கொடி பறந்தது. 2023 டிசம்பர் 16ஆம் தேதி முன்னாள் முதலமைச்சர் உத்தவ் தாக்கரே தலைமையில் பெரும் ஊர்வலம் பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்துக்குப் போனது. சில சந்துகளில் சர்வேக்காரர்களை மக்கள் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் எதிர்ப்பு ஒரே குரலாகவில்லை. கீழ்வீட்டுக்காரருக்கும் மேல்மாடிக்காரருக்கும், 1999இல் வந்தவருக்கும் 2001இல் வந்தவருக்கும், கடைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் வேறுவேறு கணக்கு போடப்பட்டிருக்கிறது. தனக்கு வீடு உறுதி என்று நினைப்பவர், பக்கத்து வீட்டுக்காரரின் வழக்கில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். அரசாணை மராத்தியில் வருகிறது, தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது; தகவல் மட்டும் தேநீர்க்கடையில் ஆளுக்கொரு விதமாகத் தமிழில் வருகிறது.

இவற்றில் எதுவும் சரிசெய்ய முடியாததில்லை. யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லும் அனெக்சர் டூ பட்டியல் ஒவ்வொரு சந்திலும் மராத்தி, இந்தி, தமிழ், உருது நான்கிலும் ஒட்டப்பட வேண்டும். காகிதம் இல்லை என்று ஒருவரை ஒதுக்குமுன், தன்னிடமுள்ள 1976 பதிவேட்டையும் பழைய வாக்காளர் பட்டியலையும் ரேஷன் ஆவணங்களையும் அரசே தேடிப் பார்த்திருக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லும் அவகாசம், கூலிக்குப் போகிறவர் விடுப்பு எடுத்து வந்து நிற்கக்கூடிய அளவுக்காவது இருக்க வேண்டும். சர்வேயில் திரட்டிய விவரங்கள் வீடு ஒதுக்குவதைத் தவிர வேறெதற்கும் பயன்படாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். அந்தக் கம்பெனியில் அரசுக்கு இருப்பது 20 சதவீதப் பங்குதான் என்பதால் இது இன்னும் அவசியம். புதிதாகத் தேர்வான மாநகராட்சி மன்றம், 2005இல் தன் கையைவிட்டுப் போன பொறுப்பில் தனக்கும் பங்கு வேண்டும் என்று தீர்மானம் போடலாம். மேல்மாடியில் இருப்பவரும் அதே நகரத்தின் குடிமகன் என்பதை விதிகள் ஏற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலாக, விட்டுப்போன அந்த ஒரு கேள்வி தாராவியிடம் கேட்கப்பட வேண்டும். கட்டடத்துக்குக் கட்டடம், பகுதிக்குப் பகுதி, மாஸ்டர் பிளானை மாதிரி உருவமாக வைத்து விளக்கிச் சொல்லி, அதன்பின் ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். பெரும்பான்மையோர் ஆம் என்று சொல்வதற்கும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்படிச் சொன்னால் திட்டத்துக்கு இப்போதில்லாத பலம் வந்து சேரும். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட வாக்குச்சாவடிகள் அங்கேயே இருக்கின்றன, சர்வே எண் எழுதிய வீடுகளின் பட்டியலும் தயாராக இருக்கிறது. மாநில அரசு மனது வைத்தால், முதல் கட்டடம் இடிபடுவதற்கு முன் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை இதை நடத்தி முடித்துவிடலாம்.